நம் கடைப் படுதாவைக் கிழிக்கும் காற்று

அன்புள்ள அத்தாவுக்கு இக்பால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் இங்கே சத்தீஸ்கரில் சுகம்தான், இருமல்கூட இல்லை.

போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே அழுதுவிடுவார், அதனால் எழுதுகிறேன். எங்கள் அனல்மின் நிலையத்தை மூடப்போகிறார்கள். பயப்படாதீர்கள், எனக்கு வேலை போகவில்லை. நிலக்கரி அள்ளிய எங்களுக்கே காற்றாலை நிறுவும் வேலையைக் கற்றுத்தருகிறார்கள். சம்பளமும் கூடுதல்.

நேற்று வகுப்பில் ஒரு வரைபடம் காட்டினார்கள். காற்று பலமாக அடிக்கும் இடமெல்லாம் சிவப்பு, இனி அங்கேதான் வேலை குவியும் என்றார் வாத்தியார். மலைத்தொடரின் நடுவே ஓர் இடைவெளி, முழுக்கச் சிவப்பு. நம் பாலக்காட்டுக் கணவாய்! "எங்கூட்டு மேலதானுங்க அடிக்குது!" என்று கத்திவிட்டேன். தமிழில் கத்தியதால் ஒருவருக்கும் புரியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கொல்லங்கோட்டில் நம் பலசரக்குக் கடைப் படுதா கிழியும்போதெல்லாம், "இந்தப் பாழாப்போன காத்து நம்மளப் பொழைக்க உடாதுடா" என்பீர்களே! கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளை ரயில் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டேதான் நான் கரி அள்ள இவ்வளவு தூரம் வந்தேன். இன்னும் நம்ப முடியவில்லை, அத்தா.

ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. கைலி இரண்டு அனுப்புங்கள். அப்புறம், எனக்கு வாய்ஸ் மெசேஜ் பேசும்போது காற்று இரைகிறதென்று கடை ஷட்டரை இறக்கிவிடுகிறீர்கள். இனி இறக்காதீர்கள். அதுவும் கேட்கட்டும்.

உங்கள் துஆவை நாடும் மகன்,
இக்பால்