ரோஸிக்கு மூன்றாவது ஊசி

ஜூலை 9, புதன்

இன்று காலை ரோஸிக்கு மூன்றாவது முறையாகச் சினை ஊசி போட்டாயிற்று. இதிலும் சினை நிற்காவிட்டால் பசுவை விற்றுவிட வேண்டும் என்று ஊரப்பாக்கத்திலிருந்து மகன் போனில் சொல்லிவிட்டான். "சுத்தி ஃப்ளாட், நடுவுல மாடு எதுக்கும்மா?" அவன் அப்பா உயிரோடு இருந்தபோது இப்படிப் பேசியிருப்பானா?

முன்பு இரண்டு முறையும் வந்த ஆள் உறைவிந்துக் குழாயைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். இன்று வந்த டாக்டர் நித்யா அதை நைட்ரஜன் கேனிலிருந்து எடுத்த உடனே வெதுவெதுப்பான நீரில் போட்டாள். நீரின் சூட்டை என் ஜுர தெர்மாமீட்டரை வைத்துச் சரிபார்த்தேன். "நம்பிக்கை இல்லையா ஆன்ட்டி?" என்று சிரித்தாள். இல்லை என்றேன்.

குழாயில் மிஞ்சிய துளியைத் தன் கிளினிக்கில் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். பாதி உயிரணுக்கள் வால் சுருண்டு அசையாமல் கிடந்தன. "இதெல்லாம் செத்ததா?" என்றேன்.

"உறையும்போது ஐஸ் குத்தி மேல்தோல் கிழிஞ்சிடும் ஆன்ட்டி. பாதி போயிடும். மீதி நீந்துது பாருங்க."

"ஐம்பது மார்க்கெல்லாம் எங்க கான்வென்ட்ல பெயில்."

"ரோஸிக்கு ஒண்ணு போதும்."

மறுபடி குனிந்து பார்த்தேன். ஒன்று நேராக, எதிலும் இடிக்காமல் போய்க்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து ரோஸி மறுபடி பருவத்துக்கு வந்து கத்தக் கூடாது; கத்தினால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம். கத்த மாட்டாள். வைக்கோல்காரரிடம் அடுத்த மாதத்துக்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.