கடைசி அத்தியாயத்தை நான் சொன்ன சனிக்கிழமை

அன்ரி,

இன்று காலை எங்கள் பால் பெட்டியில் ஒரு கொலை நடந்திருந்தது. ஈஸ்டர் வந்துவிட்டது. நோர்வேயில் ஈஸ்டர் என்றால் மலைவீடு, தோடம்பழம், துப்பறியும் கதை. பால் பெட்டியில்கூட ஒரு மர்மப் படக்கதையை அச்சடித்து விடுவார்கள். பனிக்குள் ஒரு பிணம், மூன்று சந்தேக நபர்கள், விடை பெட்டியின் அடியில். தங்கச்சி விடையைப் பார்க்கப் பெட்டியைக் கவிழ்த்துப் பாலை மேசையெங்கும் ஊற்றிவிட்டாள். அம்மா ஏசிக்கொண்டே துடைத்தார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தேக நபர்களில் ஒருத்தியின் மடியில் பாதி பின்னிய சுவெற்றர் கிடந்தது. "உவள் செய்யேல்லை. வரியை முடிக்காமல் எழும்பிப் போய்க் கொலை செய்யிறவளோ?" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். இது நீங்கள் இல்லாத முதல் ஈஸ்டர்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் தங்கச்சிக்கு நடன வகுப்பு தொடங்கும். அது முடியும்வரை நீங்கள் நான்கு பேரும் கன்ரீன் மேசையில் கம்பளி நூலும் ஊசியுமாக இருப்பீர்கள்: அம்மா, சரளா அன்ரி, மலர் அன்ரி, நீங்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி கீழே தனியாக இருந்தீர்கள். ஆனாலும் அம்மாவோடு ரயிலேறி வந்துவிடுவீர்கள். "நீங்கள் பிள்ளையளை ஏத்தி இறக்க வாறியள். நான் ஊர்க்கதை ஏத்தி இறக்க வாறனான்" என்பீர்கள். யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யார் புது வீடு பார்க்கிறார்கள், யாருடைய மகன் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு எங்கே போகிறான் என்பதெல்லாம் அந்த மேசைக்குத்தான் முதலில் தெரியும்.

போன வருடம்தான் நூலகத்தில் ஒரு வரிசைப் புத்தகங்கள் என் கண்ணில் பட்டன. ஃபியோர்ட் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். வயதான நான்கு பெண்கள் வியாழக்கிழமை தோறும் கூடிப் பின்னுவார்கள். பின்னியபடியே கொலைகாரரையும் பிடிப்பார்கள். பொலிஸ்காரர் எப்போதும் பிந்தி வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போவார். உங்கள் நான்கு பேரையும் யாரோ நோர்வேக்காரராக மாற்றி எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒவ்வொரு சனியும் நான் வாசித்ததைத் தமிழில் சொல்லுவேன்.

"அந்தச் சின்ன ஊரிலை இன்னும் ஆக்கள் மிச்சம் இருக்கினமோ?" என்று சரளா அன்ரி கேட்பார்.

"அடுத்தது பொலிஸ்காரன்தான். அவ்வளவு கேக்குக்கு நெஞ்சு வருத்தம் வரும்" என்பார் மலர் அன்ரி.

நீங்கள் நிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு கதையில் மருந்துக்கடைக்காரரின் தங்கை, அன்று பின்னேரம் முழுக்க வீட்டிலிருந்து ஒரு சுவெற்றர்க் கை பின்னினேன் என்று சொல்லுவாள். நீங்கள் உடனே கேட்டீர்கள். "மெல்லிசு நூல் எண்டெல்லோ சொன்னனி? மெல்லிசு நூலிலை ஒரு முழுக் கையை ஒரு பின்னேரத்துக்குள்ளை ஆர் பின்னினது? உவள்தான்." எனக்கு இன்னும் ஐந்து அத்தியாயம் மிச்சம் இருந்தது. கோபத்தில் அந்தச் சனி உங்களோடு கதைக்கவே இல்லை.

எனக்குப் பிடித்தது கடைசி அத்தியாயம். எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி வைத்து, மூத்தவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கண்டுபிடித்ததைச் சொல்லத் தொடங்குவாள். அப்படி ஒரு நாள் எனக்கும் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வந்தது. கார்த்திகை மாதத்தில்.

அன்று தங்கச்சி வகுப்புக்குள் போனதும் நான் மேசை முன்னால் எழுந்து நின்றேன்.

"எல்லாரும் கவனியுங்கோ. நான் ஒரு விஷயம் கண்டுபிடிச்சனான்."

"ஆற்றை கலியாணம்?" என்றார் சரளா அன்ரி.

"கலியாணம் இல்லை. இஞ்சை ஒராள் எங்களுக்கு ஒண்டை ஒளிக்கிறா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தடயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீங்கள் உங்கள் நூல் பெட்டியை அப்படியே மலர் அன்ரிக்குக் கொடுத்துவிட்டீர்கள். யன்னலோரப் பூஞ்சாடிகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. உங்கள் வீட்டு நடையில் விலைச்சீட்டோடு ஒரு நீலச் சூட்கேஸ் நிற்கிறது. ரொறொன்ரோவில் இருக்கும் தம்பியோடு ஒரு ரெலிபோன் காட் முடியும்வரை கதைக்கிறீர்கள், நான் உள்ளே வந்தால் குரலைக் குறைக்கிறீர்கள். பிரயாண யோசனையில் சாப்பாடும் இறங்குவதில்லை, மெலிந்துவிட்டீர்கள். கடைசித் தடயம், உங்கள் தலையில் இருந்த கம்பளித் தொப்பி. வெயில் எறிக்கும் ஆவணியிலேயே அதைப் போடத் தொடங்கிவிட்டீர்கள், வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. குளிருக்குப் பழகுகிறீர்கள் என்று நினைத்தேன். ஒஸ்லோவில் இத்தனை வருடம் இருந்தவருக்கு வேறு எந்தக் குளிருக்குப் பழக வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான் சொல்லச் சொல்ல ஊசிகள் ஒவ்வொன்றாக நின்றதைக் கண்டேன். கதை பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"பிள்ளை, காணும். இரு" என்றார் அம்மா.

நான் இருக்கவில்லை. "அன்ரி எங்களை விட்டிட்டுக் கனடாவுக்குப் போகப்போறா" என்றேன்.

மலர் அன்ரி எழுந்து கேத்திலடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் நீங்கள் சிரித்தீர்கள். கையால் மேசையில் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

"பிடிச்சிட்டாள்! உவளிட்டை ஒண்டும் ஒளிக்கேலாது. ஓம் பிள்ளை, கனடாவுக்குத்தான்."

பிறகு சரளா அன்ரி, ஊசியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டு, "போனால் அங்கையிருந்து எனக்கு ஒரு நல்ல சீலை அனுப்புங்கோ அக்கா. இஞ்சை எல்லாம் யானை விலை" என்றார்.

நான் வென்ற சந்தோஷம் ரயில் ஏறும் வரைக்கும்தான் இருந்தது. குரோருட்டுக்குப் போகும் வழியில் உங்கள் பக்கத்தில் இருந்தபோதுதான் நான் கண்டுபிடித்தது என்னவென்று எனக்கு விளங்கியது. நீங்கள் இல்லாமல் போகப் போகிறீர்கள்.

"போகாதேங்கோ, அன்ரி."

"ரிக்கெற் போட்டாச்சு, பிள்ளை. மாத்தேலாது."

"திரும்பி வருவியளோ?"

"கனடாவுக்குப் போன சனம் திரும்பி வந்ததைக் கண்டனியோ?"

எங்களுக்குத் தெரிந்து போன ஒருவரும் திரும்பி வரவில்லை.

அதன்பின் வந்த சனிக்கிழமைகளில் கதைப்புத்தகங்கள் பின்னுக்குப் போய்விட்டன. கனடாதான் கதை. விமானத்தில் யன்னல் பக்கமா என்று கேட்டேன். "பின்னே, காசைக் குடுத்துப்போட்டு நடுவிலையோ இருக்கிறது?" என்றீர்கள். அங்கே நூலகம் எப்படி என்று கேட்டேன். தமிழ்ப் புத்தகம் இரண்டு அலுமாரி நிறைய இருக்கிறதாம், கொலைக் கதை ஒரு அலுமாரியாம். பனி பெய்தால் வாசலை யார் வழிப்பது என்று கேட்டேன். அது தம்பியின் வேலை என்றீர்கள், நீங்கள் உள்ளே இருந்து பிழை பிடிப்பீர்களாம். வாரத்துக்கு வாரம் அந்த வீட்டில் ஓர் அறை கூடியது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மலர் அன்ரி கனடாவில் இருக்கும் தன் மச்சாளுக்கு ஒரு சோடி கையுறை தந்துவிடுவதாகச் சொன்னார். அடுத்த கிழமை பின்னியும் கொண்டுவந்தார். நீங்கள் வாங்கிப் பையில் வைத்தீர்கள்.

தை மாதத்தில் ஒரு சனி நீங்கள் வரவில்லை. ரயிலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கனடா இல்லை. ஆஸ்பத்திரி. கோடையிலிருந்தே புற்றுநோய்.

நான் வந்து பார்த்தபோது நீங்கள் நித்திரை. மருந்து அப்படி என்றார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உங்கள் தம்பி இருந்தார். கனடாவிலிருந்து அவர்தான் வந்திருந்தார். நீலச் சூட்கேஸ் அலுமாரிக்குள் நின்றது, உங்கள் இரவுடுப்புகளோடு. நான் கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் கண் திறக்கவில்லை. பிறகு திறக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்தினேன். "எல்லாருக்கும் தெரியும்! எனக்கு மட்டும் ஏன் சொல்லேல்லை?"

அம்மா அழுதுகொண்டே சொன்னார். "அண்டைக்கே சொல்ல வெளிக்கிட்டனான். அவ விடேல்லை. 'எங்கை போனாலும் வருத்தம் எப்பிடி, சாப்பிட்டனியோ எண்டுதான் கேக்கினம். உவள் ஒருத்திதான் யன்னல் பக்கமோ எண்டு கேக்கிறாள். கெடுத்துப்போடாதை' எண்டவ."

அதைக் கேட்டபின் கத்த முடியவில்லை. கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது, அன்ரி. நீங்கள் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரியாது. உங்கள் கையை நான் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை முழுக்கப் பனி வழிப்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்கு அம்மா அனுப்பினார், தங்கச்சியின் சுவெற்றருக்கு நூல் வாங்க. கம்பளிக் கடைக்காரப் பெண்ணுக்கு என்னைத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் எத்தனை தடவை அவவுடைய இழுப்பறைகளைக் குழப்பியிருப்போம். "உன்னோடு வருவாரே, எல்லா நிறத்தையும் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பவர், அவர் எங்கே?" என்று கேட்டார்.

அதற்குரிய சொல் நோர்வே மொழியில் எனக்குத் தெரியும். சிறிய சொல்தான். வாய் திறந்தபோது, "கனடாவுக்குப் போய்விட்டார்" என்று வந்தது.

"அவ்வளவு தூரமா! நன்றாக இருக்கிறாரா?"

"ஓம். தம்பியோடு இருக்கிறார். பெரிய வீடு."

"அங்கே குளிருமே?"

"குளிரும். ஆனால் வாசலை அவர் வழிக்கத் தேவையில்லை" என்று சொல்லிச் சிரித்தேன். கடைக்காரப் பெண்ணும் சிரித்து, உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். நூலைப் பையில் போட்டுத் தந்தார். நான் நன்றி சொல்லி, கதவைத் தள்ளி, வெளியே வந்து, பேருந்துத் தரிப்பிடம்வரை நேராக நடந்தேன். அங்கே வந்தபின்தான் நூல் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்து அழுதேன்.

ஒரு தடவை சொன்னதற்கே எனக்கு இப்படி. நீங்களும் அம்மாவும் மற்ற இருவரும் அந்த மேசையிலிருந்து ஒவ்வொரு சனியும் அதைச் சொன்னீர்கள், என் முகத்தைப் பார்த்து, பின்னிக்கொண்டே.