நான் நீக்கிய வரி

ஜூலை, செவ்வாய்க்கிழமை

இன்று அந்த வரியை நானே நீக்கினேன்.

இந்த வடநாட்டு நகரத்தின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கு மழையால் வரும் ஆபத்து பற்றிய அறிக்கை அது. மூன்று வருட உழைப்பு. "இந்தத் தாழ்வான பகுதியில் மக்கள் குடியிருப்பது இனிப் பாதுகாப்பல்ல" என்று முடித்திருந்தேன். காலையில் எங்கள் அரசு ஆராய்ச்சி மையத்தின் பிரிவுத் தலைவர் ராகவன் சார் கூப்பிட்டார்.

"இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க வசந்தி. மேல கேள்வி வருது."

"கணக்கு தப்புன்னு சொல்றாங்களா சார்?"

"தப்புன்னு யாரும் சொல்லலை. அதான் பிரச்சினையே."

என் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாள் கையெழுத்தாகாமல் அவர் மேஜையில் கிடந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அது கையெழுத்தாகாவிட்டால் சொந்த ஊரான கோயம்புத்தூருக்குத் திரும்பி ஏதாவது கல்லூரியில் பாடம் நடத்தலாம். ஆனால் இந்த ஆராய்ச்சி அத்தோடு முடிந்துவிடும். என் இடத்துக்குப் போய் வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

சாயங்காலம், வீட்டு வேலைக்கு வரும் சுனிதா பாத்திரம் துலக்கிக்கொண்டே இந்தியில் கேட்டாள். அவள் வீடு அந்தக் கரையில்தான் இருக்கிறது.

"மழையைப் பத்திப் படிச்சவங்க நீங்க. எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருமா மேடம்?"

"பெரிய மழை பெஞ்சா வரும் சுனிதா. அங்க இருக்காதே."

"எங்க இடம் ஆபத்துன்னு சர்க்கார்ல எழுதிக் குடுத்தா வேற வீடு கேட்போம். அப்படி எங்கேயாவது எழுதியிருக்கா மேடம்?"

இல்லை என்றேன். இன்று காலைவரை இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை.