கழுவாதது என்று நீ எழுதி வைத்த சிடி

மாப்ளே,

உன் கேமரா பை போன மாதம் என்னிடம் வந்து சேர்ந்தது. உன் மனைவிதான் தன் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். "சும்மா கெடந்தா லென்சுல பூஞ்சை புடிச்சிரும்னு அவுக சொல்லுவாக. அண்ணன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாளாம்.

ஜிப்பை இழுத்ததும் முதலில் கண்ணில் பட்டவை, ஈரம் உறிஞ்ச நீ போட்டு வைத்திருந்த குருணைப் பொட்டலங்கள். நீலமாக இருக்க வேண்டியவை. இரண்டு வருடத்து உப்புக்காற்றைக் குடித்து எல்லாம் வெளிறிய ரோஸ் நிறத்துக்குப் போயிருந்தன. மாதம் ஒருமுறை அவற்றைத் தோசைக்கல்லில் கொட்டி வறுத்து மறுபடி நீலமாக்குவாய். "என்ன மாப்ளே, கடுகு தாளிக்கிறியா?" என்று நான் கேலி பண்ணுவேன். அன்றைக்கு என் வீட்டு அடுப்பில் நானே கல்லை வைத்துக் குருணையைக் கொட்டினேன். எதற்கு என்று என் மனைவி கேட்க, நான் நீலம் திரும்பும்வரை கிளறிக்கொண்டே நின்றேன். 

அந்தப் பொட்டலங்களுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நான் செய்த தப்பை முதலில் சொன்னால்தான் அது விளங்கும்.

இராமநாதபுரத்தில் நம் கடை பன்னிரண்டு வருடம் ஓடியது. கேமரா உன் பக்கம், கம்ப்யூட்டர் என் பக்கம். ஒருவன் வேலையில் மற்றவன் மூக்கை நுழைப்பதில்லை என்று பேச்சு, ஆனால் நுழைக்காத நாள் கிடையாது. இரண்டாயிரத்து ஆறில் நீ டிஜிட்டல் கேமரா வாங்கியபோதுதான் உண்மையான சண்டை வந்தது. கேமரா பார்த்ததை அப்படியே பதிந்து வைக்கிற ரா ஃபைலில்தான் எடுப்பேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். பிரிண்ட் போடுகிற மதுரை லேபுக்கு ஜேபெக் மட்டும்தான் ஆகும். ஆக, நானூறு படத்தையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியது என் தலையெழுத்து. அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்தை மாற்ற ஒரு நிமிடம் முக்கும். பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஒரு கல்யாணத்துக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவில் வெளிச்சத்தை ஏற்றி, முகத்தை இரண்டு படி வெளுத்து, மொத்தமாக மாற்றுகிற மாதிரி ஒரு செட்டிங் செய்து 'கல்யாணம்' என்று பேர் வைத்தேன். பெண்ணைப் பெற்றவர்கள் வந்து கேட்பதும் அதைத்தானே. "புள்ள கொஞ்சம் கலரா தெரியணும் தம்பி" என்பார்கள். தெரிய வைத்தேன். மாற்றி முடித்ததும் ரா ஃபைல்களை அழித்துவிடுவேன். ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டாமா?

முதல் தடவை அது தெரிந்தபோது நீ கத்தின கத்து எதிர்க்கடை டீக்காரருக்குக் கேட்டது.

"ஏலே, நெகட்டிவ்வ எரிச்சிட்டு வந்து நிக்கிறியே!"

"அதான் ஜேபெக் இருக்கே. படம் அதேதானடா."

"அதேவா? அது அரிசிலே. நீ பண்ணி வச்சிருக்கது சோறு. சோத்த வச்சு அரிசி செய்ய முடியுமா?"

சோறுதானே திங்கிறாங்க என்று நானும் விடாமல் சொன்னேன். நீ எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பயல் அடங்கிவிட்டான் என்று நினைத்தேன். அடங்குகிற ஆளா நீ?

உன் படம் என்று நம் கடையில் ஒன்றுகூடக் கிடையாது. "கல்யாண வீட்டுச் சமையக்காரன் முதப் பந்தியில உக்காருவானா?" என்று சொல்லித் தட்டிவிடுவாய். ஒரே ஒரு தடவை மாட்டினாய். திருப்புல்லாணியில் ஒரு கல்யாணம். உனக்குத் துணைக்கு ஆளில்லை என்று என்னைக் கூட்டிப்போயிருந்தாய். சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தவனிடம், "நான் ஒன்னு எடுக்கிறேன், எங்கன அமுக்கணும்?" என்று கேட்டேன். கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாய். "என்னைய எடுத்தா உன் மிசினே இருட்டாயிரும் மாப்ளே" என்றாய். சொல்லி முடிக்கும் முன் அமுக்கிவிட்டேன். என் ஆயுளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான்.

நீ கருப்பு. சாயல்குடிப் பக்கம் உப்பளத்து வெயிலில் வளர்ந்த கருப்பு. அதைச் சொன்னால் உனக்குக் கோபம் வராது. இடது புருவத்தில், சின்ன வயதில் உப்பு வாரும் பலகை பட்டு வெட்டிய தழும்பு. அந்த இடத்தில் முடி முளைக்காது. சிரிக்கும்போது அந்தப் பாதிப் புருவம் தனியாக மேலே ஏறும். இவ்வளவும் அந்தப் படத்தில் இருந்திருக்கும். மறுநாள் அதுவும் மற்ற நானூறோடு சேர்ந்து 'கல்யாணம்' செட்டிங்கில் போய் வெளுத்து வந்தது. நான் கவனிக்கக்கூட இல்லை. வழக்கம்போல் ரா ஃபைல்களை அழித்தேன்.

அதற்கு அடுத்த வருடம், ஒரு முகூர்த்த நாளில், மண்டபத்தில் தாலி கட்டு முடிந்ததும் "ஒரு நிமிசம் உக்காந்துட்டு வாரேன்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். முப்பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உன் கேமரா வார் இன்னும் உன் கையில் சுற்றியிருந்தது. அதைக் கழற்றச் சொல்லி நர்சம்மா என்னைப் பார்த்தார்கள். நான்தான் கழற்றினேன்.

அன்று மத்தியானமே உன் ஊர்க்காரர்கள் நாலுபேர் கடைக்கு வந்துவிட்டார்கள். "அண்ணே, பாடி ஊருக்கு வாரதுக்குள்ள கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டணும். போட்டோ வேணும்" என்றார்கள். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் போட்டோவுக்கு நம் கடைக்குத்தான் வருவார்கள். எத்தனை பேருக்கு நாம் செய்து கொடுத்திருக்கிறோம்! கல்யாணக் கூட்டத்திலிருந்து தலையை வெட்டி, பின்னால் நிற்பவரை அழித்து, சட்டை மாட்டி. அன்றைக்கு உனக்கு.

திருப்புல்லாணிக் கல்யாணத்து ஃபோல்டரில் உன்னைக் கண்டுபிடித்தேன். கண் தெரியவில்லை, அழுதுகொண்டே செய்தேன். கண் பார்க்காவிட்டாலும் கை தன் பழக்கத்தை விடுமா? பிளக்ஸில் அடித்தால் முகம் இருண்டு போகும் என்று வெளிச்சத்தை இன்னும் ஏற்றினேன். முகத்தில் இருக்கிற புள்ளி, கீறல் எல்லாம் துடைப்பது எப்போதும் செய்வதுதான். துடைத்தேன். புருவத்துத் தழும்பையும் துடைத்து, இந்தப் பக்கத்து முடியை எடுத்து அந்தப் பக்கம் நட்டுவிட்டேன். அதையே சேமித்தேன். அதே படம்தான் பிளக்ஸுக்கும் போனது, சட்டம் போட்டு உன் வீட்டுச் சுவருக்கும் போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். படத்தின் முன்னால் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா அவுக இல்ல."

அன்று இரவு பஸ்ஸில் திரும்பி வந்தவன் நேராகக் கடைக்குத்தான் போனேன். ரா ஃபைல் இல்லை. இருக்காது என்று தெரிந்தே தேடினேன். ஜேபெக்கில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். இருட்டுக் கூடியதே தவிர உன் நிறம் வரவில்லை. கன்னத்தில் சாம்பல் பூசியது போல வந்தது. வெளுத்துப் போன இடத்தில் ஒன்றுமே மிச்சமில்லை, எதைக் கொண்டு வர? நீ சொன்ன சோறும் அரிசியும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இப்போது பைக்கு வருகிறேன்.

பொட்டலங்களுக்கு அடியில் ஒரு பழைய துண்டு. அதில் சுற்றி வைத்த சிடிக்கள். ஒவ்வொன்றின் மேலும் உன் கோணல் எழுத்தில் ஒரு ஊர் பேரும் மாதமும், கீழே 'கழுவாதது' என்று ஒரு வார்த்தையும். ஃபிலிம் கழுவிய காலத்து வார்த்தையை நீ விடவே இல்லை. கேமரா கார்டை என்னிடம் தருவதற்கு முன்னால், எனக்குத் தெரியாமல், எவனுடைய கடையிலோ போய் ஒவ்வொரு கல்யாணத்தையும் சிடியில் ஏற்றி வைத்திருக்கிறாய். என்னிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்து, என் தப்புக்கெல்லாம் சேர்த்து நீ தனியாகக் காவல் இருந்திருக்கிறாய். திருட்டுப்பயலே.

மூன்றாவது சிடி திருப்புல்லாணி.

போட்டேன். சிடி கொஞ்ச நேரம் கரகரத்தது.  பிறகு நீ வந்தாய். வேப்பமர நிழல், கையில் பல்குச்சி, ஏறி நிற்கும் பாதிப் புருவம். கன்னத்தில் வெயில் பட்ட இடத்தில்கூட உன் கருப்பு அப்படியே இருந்தது. படத்துக்குப் பக்கத்தில் வெளிச்சத்தைக் கூட்டுகிற பட்டை. மவுஸ் தன்னால் அங்கே போய் நின்றது மாப்ளே. சத்தியமாகச் சொல்கிறேன், தன்னால் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு எல்லாப் பட்டையும் பூச்சியத்தில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, உன் ஒரே ஒரு படத்தை மட்டும் ஜேபெக்காக மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது இருப்பது புது கம்ப்யூட்டர்.

லேபிலிருந்து பிரிண்ட் வந்ததும் அதே அளவுக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு உன் ஊருக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது மனசு லேசாக இருந்தது. பழையதைக் கழற்றி இதை மாட்டிவிட்டால் என் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

உன் மனைவி காகிதத்தைப் பிரித்தாள். கட்டைவிரலால் அந்தப் புருவத்தைத் தொட்டாள். "இந்தா இருக்காகள்ல" என்றாள். சிரித்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். நான் சுவரிலிருக்கும் படத்தைக் கழற்ற ஸ்டூலை இழுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்ணே. அத்தை தெனமும் விடிஞ்சதும் அதுக்கிட்டத்தான் பேசுறாக. காப்பி போட்டாலும் அதுக்கிட்டச் சொல்லிட்டுத்தான் குடிக்கிறாக. இப்ப அதக் கழட்டுனா ரெண்டாந்தடவையும் தூக்கிட்டுப் போன மாதிரி ஆயிரும்."

ஸ்டூலைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். புதுப் படத்தைப் பழையபடி காகிதத்தில் சுற்றி அவள் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். "சின்னதா ஒன்னு போட்டுத் தாங்கண்ணே, கைப்பைக்குள்ள வச்சுக்கிருவேன்" என்றாள். சரி என்றேன்.

கிளம்பும்போது உன் அம்மா சிவப்பு பல்ப் எரியும் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் ஒருத்தி தண்ணீர் எடுக்க வந்து, யார் இது என்று கேட்டிருப்பாள் போல. உன்னை உயிரோடு பார்த்திராதவள். உன் அம்மா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எம்மகன். எங்க வம்சத்துலயே இவன் ஒருத்தந்தான் செவப்பு. ஏப்பா, நீதான் கூடவே இருந்தவன், சொல்லு இவகிட்ட. செவப்புத்தான எம்மகன்?"

உன்னைப் பெற்றவர்கள் மாப்ளே. வெயிலில் உன்னை இடுப்பில் வைத்து உப்பு வாரினவர்கள். அவர்கள் கண்ணுக்குள் இருந்த உன்னையும் நான் வெளுத்துவிட்டேன். அதற்கு எந்தச் சிடியிலும் அசல் கிடையாது.

"ஆமா ஆத்தா, செவப்புத்தான்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.