கதவு திறக்கும்வரை

மார்ச் 3, திங்கள்
இன்றும் எங்கள் அலுவலக லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஊரில் பாதி லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியின் லட்சணம் இது. சரிசெய்ய வந்த எங்கள் மெக்கானிக்கே முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நான் படியேறி மூச்சு வாங்க வந்து ஹெட்போனை மாட்டினேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் எங்கள் மேசையில்தான் ஒலிக்கும். காலையில் கைக்குழந்தையோடு ஒருத்தி. குழந்தை என்ன சாப்பிடும், ராத்திரி தூங்குமா என்று கதவு திறக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். திறந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிவிட்டாள். வெளியே வந்துவிட்டால் யாருக்கு எங்கள் ஞாபகம் இருக்கும்? அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

மார்ச் 6, வியாழன்
மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பல்லழகர். கெட்ட சேதி சொல்லும்போதுதான் அதிகம் சிரிப்பார். இன்று முப்பத்திரண்டும் தெரிந்தது. வெளிநாட்டில் ஒரு குழு அமைக்கிறார்களாம். ராத்திரி அழைப்புகளை மட்டும் அவர்கள் பார்ப்பார்களாம், நாங்கள் தொழிலைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். "யார் வேலைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். நாங்கள் கேட்கவே இல்லையே, ஏன் சொன்னார்?

வீட்டில் சொன்னேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. போன வருஷம் இவருடைய தொழிற்சாலையைக் கடல் தாண்டிக் கொண்டுபோவதற்கு முன்னால் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். அப்புறம் சாப்பிட்டு முடித்தார்.

மார்ச் 17, திங்கள்
பயிற்சி ஆரம்பம். திரையில் ஒரு சின்னப் பெண். இரண்டாவது வார்த்தையிலேயே என்னை அக்கா என்றாள், நானும் தங்கச்சியாக்கிக்கொண்டேன். நம் மொழிதான், கொஞ்சம் வேறு இழுப்பு. அவள் தலையில் எங்களுடைய அதே ஹெட்போன், காதில் அதே நீல ஸ்பாஞ்சு. அதைப் பார்த்ததும் என் கை தானாக என் ஹெட்போனைத் தொட்டது. சிரித்துச் சமாளித்தேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் தன் மாணவனுக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. வாய் மூடாத மனிதர், அதனால் வானொலி என்று பெயர். அவரே வாயைக் கட்டிக்கொண்டார். டீ குடிக்கும்போது ஏன் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துட்டு, நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமாம்மா?"

நியாயம்தான். ஆனால் உள்ளே ஒரு ஆள் மாட்டிக்கொண்டு நிற்குமே.

ஏப்ரல் 2, புதன்
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எந்த மாடி என்று எடுத்தவுடன் கேட்காதே, யார் கூட இருக்கீங்க என்று கேள். பயப்படாதீங்க என்று சொல்லவே சொல்லாதே, சொன்னால்தான் பயம் வரும். எவ்வளவு நேரமாகும் என்று வாக்குக் கொடுக்காதே. பேச ஒன்றுமில்லாவிட்டால் உன் மூச்சாவது கேட்கட்டும். கதவு திறக்கும்வரை லைனை வைக்காதே.

"கதவு திறக்குற சத்தம் என் காதுக்குக் கேக்கணும். அப்படித்தானேக்கா?"

அப்படியேதான். பெருமையாக இருந்தது. கழுதை, பெருமை என்னடி உனக்கு?

ஏப்ரல் 11, வெள்ளி
பல்லழகர் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். 'தரக் கண்காணிப்பு' என்று ஒரு வேலை வருகிறதாம். நன்றாகச் சொல்லிக்கொடுத்ததால் எனக்குத்தானாம், மறுபயிற்சி முடித்தால் போதுமாம். வானொலிக்கு என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 5, திங்கள்
பகல் அழைப்புகளும் கடல் தாண்டிப் போய்விட்டன. வானொலியின் நாற்காலி காலி. டீக் குவளையை எடுத்துப்போயிருக்கிறார், நாற்காலி முதுகில் ஸ்வெட்டரை மறந்துவிட்டார். போன் செய்யலாம் என்று பார்த்தேன். என்ன சொல்வது?

மே 20, செவ்வாய்
மறுபயிற்சி முடிந்தது. வேலை இதுதான்: பதிவான அழைப்புகளைக் கேட்டு, தேவையில்லாத பேச்சுக்குச் சிவப்புக் குறி போடுவது. இடத்தைக் கேள், மெக்கானிக்கை அனுப்பு, புகார் எண் சொல், வை. எல்லாம் மூன்று நிமிடத்துக்குள்.

பரீட்சையில் வந்த அழைப்பு ஒன்றில் என் குரல். குழந்தை ராத்திரி தூங்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயிற்சியாளர், "இது சுத்த வீண் பேச்சு மேடம், பாருங்க" என்றார். பார்த்தேன். குறி போட்டேன். முழு மதிப்பெண்.

இவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், தேறிவிட்டேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. எனக்கும் சந்தோஷம்தான். ஏன் இல்லை?

ஜூன் 9, திங்கள்
இன்று மாட்டிக்கொண்டது நான். சாயங்காலம் கிளம்பும்போது லிஃப்ட் குலுங்கி நின்றது, விளக்கும் போய்விட்டது. எத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவள் நான்! இருட்டில் கையில் பட்ட பொத்தானையெல்லாம் குத்தினேன். தடவித் தடவி மணியை அழுத்தினேன்.

"யார் கூட இருக்கீங்க?"

என் தங்கச்சி. நான்தான் என்றேன். சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. மெக்கானிக் மழையில் எங்கோ சிக்கியிருந்தார். மூன்று நிமிடம் போய்விட்டது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வச்சிடும்மா, பதிவாகுது."

"கதவு திறக்கட்டும்க்கா."

அம்மாவுக்குக் கண் ஆபரேஷனாம். தம்பி வேலை தேடுகிறானாம், வீடு முழுக்க இவள் சம்பளத்தில் ஓடுகிறதாம். அடுத்த வாரம் முதல் இன்னொரு நாட்டில் ஒரு குழுவுக்கு இவள் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

"அவங்களுக்கு முழுசாச் சொல்லிக்கொடுக்கணுமாக்கா?"

எனக்கு வாய் வரவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. இருட்டில் அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவு திறந்ததும் ஓடி வந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்
வரும் என்று தெரியும். மத்தியானம் கேட்கக் கொடுத்த பதிவுகளில் அந்த அழைப்பு வந்தது. 'யார் கூட இருக்கீங்க?' அடுத்து என் குரல், நடுங்கிக்கொண்டு.

விதிப்படி மூன்றாம் நிமிடத்துக்கு மேல் எல்லாமே சிவப்பு. அவள் பெயருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு சிவப்பு இருக்கிறது. மூன்றாவது விழுந்தால் ஆளை நிறுத்திவிடுவார்கள். நான் விட்டுவிட்டால்? நான் போடும் குறியையும் எங்கோ ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கிறார். யார், எந்த ஊர், தெரியாது. என் பெயருக்கும் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் நின்ற இவர் முகம் கண்ணுக்குள் வந்தது. பல்லழகர் பின்னால் வந்து நின்று, "என்னம்மா, ரொம்ப நேரமா ஒரே அழைப்புலயே இருக்கீங்க?" என்றார். சிரித்தார்.

அவர் போனதும் இன்னொரு முறை கேட்டேன். யாரும் பேசாத அந்த இடத்தில் அவள் மூச்சு. நான் சொல்லிக்கொடுத்ததுதான், ஒன்றுகூட விடவில்லை அவள்.

கடைசிவரை குறி போட்டேன். கதவு திறக்கும் சத்தம்வரை.

சாயங்காலம் லிஃப்ட் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் படியில் இறங்கி வந்தேன். இனிமேல் படிதான்.