கேட்காமலே திறந்த பெட்டி

ஒஸ்லோ, 14.3.1998

அன்புள்ள அம்மா,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். கண்டியில் இப்போது நிலைமை எப்படி? உங்கள் கால் வீக்கம் வற்றியதா?

விமான நிலையத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சுங்கத்தில், அறிவிக்க ஒன்றும் இல்லாதவர்களின் பச்சை வழியால் எல்லோரும் நிற்காமல் நடந்தார்கள். நானோ சீருடையைக் கண்டதும், பிலிமத்தலாவை இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கியவள்போல அடையாள அட்டையை நீட்டி, பெட்டியையும் திறந்து வைத்தேன்.

"நான் கூப்பிடவே இல்லையே!" என்று அதிகாரி சிரித்தார். ஆனால் ஈரத்துணியில் நீங்கள் சுற்றித் தந்த கறிவேப்பிலைக் கன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது. வெளியிலிருந்து செடி கொண்டுவரக் கூடாதாம். "அம்மா தந்தவ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். கன்றை எடுத்துக்கொண்டு, துணியை மடித்துத் தந்தார். உங்கள் ஊதாச் சேலைத் துண்டு. வாசம் போய்விடும் என்று இன்னும் தோய்க்கவில்லை.

இனிச் செடி வேண்டாம், கறித்தூள் மட்டும் அனுப்புங்கள்.

இங்கே நான் எங்கே போகிறேன் என்று எவரும் கேட்பதில்லை. சாவடியில் கேட்டால் எனக்குக் கோபம் வரும். வாசலில் நின்று நீங்கள், "எங்க பிள்ளை போறாய்? எத்தினை மணிக்கு வருவாய்?" என்று கேட்டாலும் அலுத்துக்கொள்வேன். பதில் எழுதும்போது மறக்காமல் அதைக் கேளுங்கள், அம்மா.

வகுப்புக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
சுகந்தினி