ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நானும் என் வீட்டுக்காரியும் சுகம். பஸ்ஸில் போட்டு அனுப்பிய அத்தானின் அலுமினிய ஏணி கைக்கு வந்ததா? கால் சட்டத்தில் விரிசல் விட்ட இடத்தை நானே வீட்டில், என் சின்ன வெல்டிங் மெஷினில் ஒட்டினேன். இரும்பு எனக்குப் பழகிவிட்டது. அலுமினியம்தான் ஆளைப் படுத்தியது. அதன் கம்பி மெத்தென்று இருப்பதால் மெஷினுக்குள்ளேயே சிக்கு விழுந்த முடிபோலச் சுருண்டுகொள்கிறது. இரும்பாவது சிவந்து காட்டும். இது நிறமே மாறாமல் பொத்தென்று ஓட்டையாகிவிடும். மெஷினுக்கு வேறு கேஸ் மாற்றி, பிரஷால் தேய்த்துத் தேய்த்து, பன்னிரண்டு துண்டுகளைப் பாழாக்கிய பிறகுதான் கைக்கு வந்தது. அவள் என் சட்டைப் பொத்தல்களைக் காட்டி, "ஏணிய ஒட்டினீங்களா, சட்டையக் கொளுத்தினீங்களா?" என்கிறாள்.

உன் சின்னவன்

மார்ச் 12

சின்னவனே,

ஏணியை அனுப்பத் தெரிந்தவனுக்கு, தான் ஒரு நடை வரத் தெரியவில்லை. போகட்டும்.

உன் அத்தான் ஏறிக் குதித்தே பார்த்துவிட்டார். "மச்சான் கை தேறிடுச்சு. முன்னவிடக் கெட்டியா இருக்கு" என்று தெருவெல்லாம் சொல்கிறார். எட்டு மாதம் நாற்காலியிலேயே சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பெயின்ட் அடிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாடி. இப்போது விசிலடித்துக்கொண்டே சவரம் செய்கிறார். என்னோடு சண்டைகூடப் போடுகிறார், எனக்கு அதுவே சந்தோஷம்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

அத்தானை அந்த ஏணியில் ஏறவிடாதே. பக்கத்து வீட்டு நம்பருக்கு நாலு தடவை அடித்தேன், எடுப்பாரில்லை.

ஒட்டிப் பழகியதில் மிச்சமிருந்த ஒரு துண்டை நேற்று இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். ஒட்டிய இடம் அசையவில்லை. அதற்கு ஒரு விரல் தள்ளி, நல்ல இடம் துணிபோலக் கிழிந்தது. பட்டறை மேஸ்திரியிடம் காட்டினேன். "சூடு பட்டா பக்கத்துல இருக்கிற அலுமினியம் இளகிப்போகும் தம்பி. பாத்தாத் தெரியாது. ஏணியெல்லாம் ஒட்டவே கூடாது" என்றார். முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கேலி செய்வார்களே என்று கேட்கவில்லை.

வேறு ஏணி வரும்வரை வேலையை நிறுத்தச் சொல். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சின்னவன்

ஏப்ரல் 2

சின்னவனே,

அத்தானை இன்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இடுப்புக்குக் கீழே உணர்வு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "ஏணி தாங்காதுன்னு உன் தம்பி ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?" என்று தினமும் கேட்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சுவரில் முட்டிக்கொண்டு, "என் லெட்டர் முன்னாடியே வந்திருந்தா..." என்று அழுதாய்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அவர் விழுந்தது வியாழக்கிழமை.

படித்தேன். மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். இன்னும் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும் என்றிருந்தார். சொன்னால் நிறுத்திவிடுவார், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், மறுபடியும் அந்த நாற்காலியில் போய் உட்காருவார் என்று பயந்தேன். குதித்துப் பார்த்தபோதே உடையாதது இரண்டு நாளில் உடைந்துவிடுமா என்றும் நினைத்தேன்.

நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எப்படி அவர் முகத்தைத் துடைப்பேன்? நீயே சொல்.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

மூன்று முறை படித்தேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிறகு யார் மேல் என்று தெரியாமல் கொல்லையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

அவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும், ஊட்டுவதும், குளிப்பாட்டுவதும் நீ. உன் மேல் அவருக்கு வெறுப்பு வந்தால், உன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கமாட்டார். என்னைத் திட்டினால் அது என் காதுக்கு எட்டப்போவதில்லை. ஒட்டியவன் நான்தானே.

அதனால், அவரைப் பொறுத்தவரை நான் எழுதவே இல்லை. அப்படியே இருக்கட்டும். அந்தக் கடிதத்தையும் இதையும் அடுப்பில் போட்டுவிடு.

இனி நான் அங்கே வரமாட்டேன். என்னைப் பார்த்தால் உனக்குச் சொல்லிவிடத் தோன்றும். எழுதவும் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

சின்னவன்